'டப்பிங் வாடை' வசனத்தாளிலிருந்துதான் கிளம்புகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்திக் காதல் படம் ஒன்று தமிழ் பேசிக்கொண்டு வந்தால், விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் "டப்பிங் வாடை அடிக்கிறது" என்று ஒரு வரி விழுந்துவிடுகிறது. வாடை அடிப்பது நிஜம்தான். எங்கிருந்து அடிக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. பழி குரல் கொடுத்தவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர் மைக் முன்னால் வந்து நிற்பதற்கு முன்பே, வசனத்தாளிலேயே வாடை ஏறிவிடுகிறது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

அடிதடிப் படத்தில் இது மறைந்துபோகும். வெடிச்சத்தமும் பின்னணி இசையும் பாதி வசனத்தை விழுங்கிவிடும். காதல் படத்தில் மறைக்க ஒன்றுமில்லை. முகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் அமைதி. அதிலும் எங்கள் வட்டாரத்தில் தப்பிக்கவே முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்தியும் வங்காளமும் நாள் முழுக்கக் காதில் விழும். மூல வசனம் என்னவாக இருந்திருக்கும் என்று உதட்டைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்போனில் பார்ப்பவரோ ஒரு தட்டுத் தட்டி இந்திக்கு மாற்றி ஒப்பிட்டும் பார்த்துவிடுகிறார்.

வேற்றுமொழிப் படத்தைத் தமிழ் பேச வைப்பது நமக்குப் புதிதல்ல. ஏவி. மெய்யப்பன் தம் கன்னட 'ஹரிச்சந்திரா'வை 1944-லேயே தமிழில் பேச வைத்துவிட்டார். பிலிம் காலத்து முறையில் ஒரு வசதி இருந்தது, அப்போது அதை வசதி என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். காட்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். 'லூப்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. வசனம் எழுதியவரும் கூடவே உட்கார்ந்து அதே உதட்டை இருபது முறை பார்த்தாக வேண்டும். இன்று மொழிபெயர்ப்பாளருக்குப் போவது ஓர் அட்டவணை: நேரக்குறி, பாத்திரத்தின் பெயர், இந்தி வசனம், பக்கத்தில் காலிக் கட்டம். கூடவே சின்ன அளவில் ஒரு காணொலி வரும், அதன் மேல் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், சில சமயம் சரியாக வாய்க்கு மேலேயே. கட்டத்தை நிரப்பினால் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டது.

நிரப்பினால் என்ன ஆகும்? இந்திக் காதல் படத்தில் தப்பாமல் வரும் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். "மே தும்ஸே ப்யார் கர்தா ஹூ." உதடு மூன்று இடத்தில் ஒட்டுகிறது: 'மே', 'தும்', 'ப்யார்'. கட்டத்தில் எழுதப்படும் தமிழ்: "நான் உன்னைக் காதலிக்கிறேன்." சொல்லிப் பாருங்கள். ஓரிடத்தில்கூட உதடு ஒட்டாது. திரையில் மூன்று முறை வாய் மூடுகிறது, காதில் ஒரு முறைகூட மூடவில்லை. எப்பேர்ப்பட்ட குரல் கலைஞரானாலும் இதைச் சரிசெய்ய முடியாது. போதாக்குறைக்கு, காதலிக்கும் யாரும் அப்படிப் பேசுவதும் இல்லை.

இன்னொன்று: "முஜே தும்ஸே மொஹப்பத் ஹை." எட்டு அசை, நான்கு இடத்தில் உதடு ஒட்டும், கடைசியில் வாய் திறந்து முடியும். இதற்கு "மனசு உம்மேலதாம்மா" என்று எழுதினால், பேச்சு வேகத்தில் 'மனசும்மேலதாம்மா' என்று ஏழு அசையில் வரும். முதல் 'ம' அங்கே 'மு' மேல் விழும், 'ம்மே' அங்கே 'தும்' மேல், 'ம்மா' அங்கே 'ப்ப' மேல். 'மொ' ஒன்று மட்டும் தப்பும். கடைசி 'மா'வைக் கொஞ்சம் இழுத்தால் அசைக் கணக்கும் சரியாகிவிடும். நான்கில் மூன்று ஒட்டினால் கண் ஏற்றுக்கொள்ளும். முதல் ஒட்டும் கடைசித் திறப்பும் தப்பினால்தான் உறுத்தும்.

'உன்' என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனியாகச் சொன்னால் உதடு சேராது. பின்னால் 'ப' அல்லது 'ம' வந்தால் பேச்சில் தானாகவே 'உம்' ஆகிவிடும்: உம்பேரு, உம்முகம், உம்மனசு. இந்தியில் 'தும்' வரும் இடமெல்லாம் இதைப் போட்டு ஒப்பேற்றலாம். இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. போகணும், வேணும், இருக்கும் என்று தாளில் 'ம்' முடிவைப் பார்த்து 'இங்கே உதடு ஒட்டும்' என்று கணக்குப் போடுகிறார்கள். பேச்சுத் தமிழில் அந்த 'ம்' மூக்கோடு போய்விடும், உதடு சேராது. சேர்த்துச் சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும். ஆக, தாளில் ஒட்டும் உதடு மைக் முன்னால் ஒட்டாது.

வாக்கியம் முடியும் இடத்தில் இந்தி நமக்கு அனுகூலம்தான். அங்கேயும் வினை கடைசியில்தான் வருகிறது, ஆங்கிலப் படத்தில் படும் பாடு இதில் இல்லை. 'கி' என்ற இணைப்பு வரும்போதுதான் கால் இடறும். "மே சாஹ்தா ஹூ கி தும் குஷ் ரஹோ." இதை வரிசை மாறாமல் "நான் விரும்புகிறேன், நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று" என்று எழுதினால் அதுதான் அந்த வாடை, அசல் வாடை. முறைப்படி திருப்பிப்போட்டு "நீ சந்தோஷமா இருக்கணும்னு ஆசைப்படறேன்" என்றால் தமிழ் சரி, ஆனால் அவன் தன்னைப் பற்றிச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, அவளைப் பார்க்கும் அந்த நிறுத்தம் கெட்டுப்போகும். "எனக்கு ஒரே ஆசைதான். நீ சந்தோஷமா இருக்கணும்" என்று இரண்டாக உடைத்தால் நிறுத்தமும் நிற்கும், பேச்சும் பேச்சாக இருக்கும். "என்ன நினைக்கிறேன்னா", "விஷயம் என்னன்னா" என்றெல்லாம் நாம் அன்றாடம் பேசுவதே இந்த 'கி'க்காகச் செய்துவைத்ததுபோல் இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆளில்லை.

சொல்லுக்குச் சொல் போடுவதில் வரும் வேடிக்கைகள் தனி. 'தில்' என்றால் உடனே 'இதயம்'. நாம் மனசு என்றுதான் சொல்கிறோம். 1960-களிலேயே திறந்த இருதய அறுவை சிகிச்சை நடந்த ஊர் வேலூர். 'என் இதயம் உடைந்துவிட்டது' என்றால் இங்கே எந்த வார்டு என்று கேட்பார்கள். மனைவி கணவனை 'சுனியே' என்று கூப்பிட்டால் அது 'கேளுங்கள்' அல்ல, 'என்னங்க'. பெண்ணைப் பார்த்து அப்பா 'பேட்டா' என்றால் அது 'மகனே' அல்ல, 'கண்ணு' அல்லது 'என்னம்மா'. 'மேரி கசம்' மட்டும் கச்சிதமாக 'என் மேல சத்தியம்' ஆகிவிடும், தலையில் கை வைக்கும் அசைவு உட்பட.

மரியாதையில் இந்திக்கு மூன்று படி: ஆப், தும், தூ. நமக்கு இரண்டுதான், நீங்க, நீ. இந்திக் கதாநாயகன் 'ஆப்'பிலிருந்து 'தும்'முக்கு இறங்கும் அந்த ஒரு வரிதான் பல படங்களில் காதல் தொடங்கும் இடம். முதல் காட்சியிலேயே இருவரையும் 'நீ, வா, போ' என்று பேச விட்டுவிட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லாமல் போகும். 'தூ' வரும்போது வாடா, போடி என்று விகுதியில் காட்டலாம். எந்தக் காட்சியில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று எழுதத் தொடங்குமுன்பே ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். இரண்டு பேர் பாதிப் பாதி பிரித்து எழுதும் படங்களில் இடைவேளைக்குப் பிறகு மரியாதை திடீரென்று மாறுவது இந்தத் தாள் இல்லாததால்தான்.

அதே தாளில் உறவுமுறையும் வேண்டும். இந்திக் காதல் படத்தில் பாதி கல்யாண வீட்டில் நடக்கிறது. தாயின் சகோதரர் மாமா, அத்தையின் கணவர் ஃபூஃபா, அக்கா கணவர் ஜீஜா, மாமனார் ஸசுர்ஜி. நால்வரும் தமிழில் மாமாதான். போதாதென்று நம் பக்கத்தில் புருஷனையும் மாமா என்று கூப்பிடுவார்கள். ஒரே பந்தலில் நான்கு மாமாக்கள் நின்றால் பார்ப்பவர் யாரைப் பிடிப்பார்? ஒருவரை 'பெரிய மாமா' என்றும், ஒருவரை ஊர் சேர்த்தும், ஒருவரைப் பெயரோடும் பிரித்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய விபத்து ராக்கி கட்டும் காட்சி. வடக்கே மாமா மகனும் 'பாய்'தான், அதாவது சகோதரன்தான், அவன் கையில் ராக்கி கட்டுவது இயல்பு. நமக்கோ மாமா மகன் முறைப்பையன். "என் மாமா பையன், எனக்கு அண்ணன் மாதிரி" என்று நாயகி சொன்னால் குடியாத்தத்தில் சிரிப்பார்கள், அழவேண்டிய காட்சியாக இருந்தாலும். அவனைப் பெரியம்மா மகன் ஆக்கிவிட்டால் அண்ணன் என்பது நம் முறைப்படியே பொருந்தும். ஆனால் அவனுடைய அப்பாவை வேறு காட்சியில் யாராவது 'மாமா' என்று கூப்பிட்டிருந்தால் அதையும் தேடிப் பிடித்துப் 'பெரியப்பா' ஆக்க வேண்டும். அதனால்தான் எழுதுமுன் முழுப் படத்தையும் ஒரு முறை உறவுக்காகவே பார்க்கச் சொல்கிறோம்.

சடங்குகளை மாற்றக்கூடாது. வகிட்டில் செந்தூரம் வைப்பதைக் காட்டிக்கொண்டே 'தாலி கட்டிட்டான்' என்று பேசவைத்தால் கண்ணும் காதும் சண்டை போடும். சல்லடையில் நிலாவைப் பார்க்கும் விரதத்துக்கு நம் நோன்பு ஒன்றின் பெயரை ஒட்ட வேண்டியதில்லை. யாராவது முதுகு காட்டி நிற்கும் ஷாட்டில் "நிலாவைப் பார்த்துட்டுதான் தண்ணியே குடிப்பாங்க" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதுகு காட்டும் ஷாட், தூரத்து ஷாட், போனில் எதிர்முனைக் குரல், கேட்பவர் முகம் காட்டும் ஷாட் இவையெல்லாம் டப்பிங் எழுதுபவருக்குக் கிடைத்த இலவச மனைகள். நீண்ட விளக்கங்களை அங்கே கட்டிவிட்டு, குளோசப்பில் சொற்களைக் குறைக்க வேண்டும்.

ஒரு மனத்தாங்கலையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நாயகன் எந்த ஊரும் இல்லாத தமிழ் பேசுகிறான். அவனுடைய தோழனாக வரும் கோமாளிக்கும், மும்பைத் தெருவின் அடியாளுக்கும் மட்டும் 'இன்னா', 'கீது', 'வந்துகினு' கொடுக்கிறார்கள். வட ஆற்காட்டில் இந்தப் பேச்சில்தான் காதலும் நடக்கிறது, பெண்பார்க்கும் படலமும் நடக்கிறது. மூலப் படத்தில் நாயகி கான்பூர்க்காரியாக இருந்து, ஊர்ப்பேச்சில் பேசித்தான் அவனை மயக்குகிறாள் என்றால், தமிழில் அவளுக்கும் ஓர் ஊரைக் கொடுங்கள். அது எங்கள் ஊராக இருந்தால்தான் என்ன?

இனி ஒலிப்பதிவு. நாயகனும் நாயகியும் வெவ்வேறு நாளில் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், இதைத் தவிர்ப்பது கடினம். இரண்டாவதாக வருபவரின் காதில் எந்த ஒலி ஓடுகிறது என்பதை மட்டுமாவது கவனிக்கலாம். மூல இந்தியையே ஓடவிட்டால், அவர் இந்தி நாயகனுக்குப் பதில் சொல்கிறார். ஏற்றமும் இறக்கமும் இந்தியாக வரும். முன்பு பதிவான தமிழ்க் குரலை ஹெட்போனில் கொடுத்தால்தான் பதில் பதிலாக வரும். குரல் தேர்வுக்கு ஒரு கோபக் காட்சியைப் பேசச் சொல்லிப் பயனில்லை. கிசுகிசுப்பாக ஒன்று, அழுதுகொண்டே ஒன்று, இரண்டும் கேட்க வேண்டும். கத்தும் காட்சிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். தொண்டை ஒரு முறை கட்டினால் அதன் பிறகு வரும் மென்மையெல்லாம் கரகரப்புத்தான். பெருமூச்சு, விசும்பல், சிரிப்பு ஆகியவற்றை 'அப்படியே மூலத்தில் இருப்பதை விட்டுவிடலாம்' என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. விசும்புவது ஒருத்தி, அடுத்த விநாடி பேசுவது இன்னொருத்தி என்று காது உடனே கண்டுபிடித்துவிடும்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று பேசிய குரலை மொட்டைமாடிக் காட்சியில் அப்படியே வைத்தால், ஆள் அங்கே நிற்பார், குரல் நம் காதுக்குள் இருக்கும். மூன்று நான்கு அடி தள்ளி இரண்டாவது மைக் ஒன்றையும் வைத்துப் பதிவுசெய்தால் மிக்ஸிங்கில் தூரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒத்திசைவுக் கணக்கும் எளிதுதான். விநாடிக்கு 24 பிரேம், ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. குரல் உதட்டைவிட ஒரு பிரேம் முந்தினாலே உறுத்தத் தொடங்கும், இரண்டு பிரேம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. மின்னலுக்குப் பின்னால் இடி வருவதைப் பார்த்துப் பழகிய காது நமக்கு. ஐயம் வந்தால் பின்னுக்குத் தள்ளுவதே பாதுகாப்பு. தொலைக்காட்சிக்கான 25 பிரேம் பிரதியில் 24 பிரேம் பிரதிக்குப் பேசிய ஒலியை அப்படியே ஏற்றிவிட்டால் நிமிடத்துக்கு 2.4 விநாடி விலகிப்போகும். ஐந்தாவது நிமிடத்தில் நாயகி பேச வேண்டியதை நாயகன் வாயசைத்துக்கொண்டிருப்பார்.

குரலைத் தவிர மற்ற ஒலிகள் அடங்கிய 'எம் அண்ட் இ' டிராக்கும் காதல் படத்தின் கழுத்தை அறுக்கும். இப்போது பல இந்திப் படங்களில் படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பதிவுசெய்துவிடுகிறார்கள். வளையல் ஓசை, புடவைச் சரசரப்பு, தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் எல்லாம் வசனத்தோடு ஒட்டிக்கொண்டு அதே டிராக்கில் இருக்கும். இந்தி வசனத்தை எடுக்கும்போது அவையும் போய், அந்த இடம் குழி விழுந்ததுபோல் ஆகிவிடும். தமிழ்க் குரல் பேசும்போது மட்டும் அறை செத்துப்போய், பேசி முடித்ததும் மறுபடி உயிர் பெறுவது இதனால்தான். அறையின் வெறும் ஒலியை நிரப்பி, வளையலையும் காலடியையும் புதிதாகப் பதிவுசெய்து சேர்க்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை என்பதால் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. அரங்குகளின் பங்கும் உண்டு. மிக்ஸிங் அறையில் ஒலியளவை 7-ல் வைத்துக் கேட்டுச் சரிபார்த்த ஒலியை, சண்டைக் காட்சிக்குப் பயந்து 5-க்கும் கீழே இறக்கி ஓட்டினால் கிசுகிசுப்பு எங்கே கேட்கும்?

பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. மெட்டுக்குத் தத்தகாரம் போட்டு எழுதுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் உச்ச ஸ்தாயியில் நீண்டு நிற்கும் இடத்தில் இந்தியில் 'ஆ' இருந்தால் தமிழிலும் 'ஆ'தான் வேண்டும். அங்கே 'ஈ'யோ 'ஊ'வோ வைத்தால் பாடுபவரின் குரலும் நசுங்கும், திரையில் அகலத் திறந்த வாயும் பொய்யாகிவிடும். வடக்கத்திப் பாடகரே தமிழிலும் பாடப்போகிறார் என்றால், பல்லவியில் 'ழ'கரத்தைக் குவிக்காமல் இருப்பது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

தமிழாக்கப் பிரதியும் தணிக்கைக்குப் போயாக வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி வரும். அப்போது வசனம் எழுதியவரைக் கூப்பிடாமல், ஸ்டூடியோவில் இருப்பவர் யாரோ ஒரு சொல்லைப் போட்டுப் பேசவைத்துவிடுகிறார்கள். படம் முழுக்க ஒழுங்காக இருந்து ஓரிடத்தில் மட்டும் வாய் கோணுவது பெரும்பாலும் அங்கேதான்.

தங்கள் விமர்சகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. காதலைச் சொல்லும் காட்சியில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்போதும் வாடை அடித்தால் தவறு வசனத்தில். கண்ணைத் திறந்ததும்தான் உறுத்துகிறது என்றால் தவறு ஒத்திசைவில். எது என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். மற்றது, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது தமிழ் வசனம் எழுதியவர் பெயரும் குரல் கொடுத்தவர்கள் பெயரும் வருகிறதா என்று இருந்து பாருங்கள். வந்தால் விமர்சனத்தில் அச்சிடுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
டப்பிங் வசனம் எழுதுவோர் இருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.